மஸூதா ‘சீ’ சொன்ன நாள்

கஞ்சிக் கோப்பைக்குள் பேன் நீந்தியதைப் பார்த்த பிறகும், பரக்கத்து, இறையருள் என்று அதை வாயில் வைத்த ஒருத்தியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அன்றிலிருந்து கஞ்சி என்றாலே எனக்குக் குமட்டும். நோன்பு மாதத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். அல்லாஹ் மன்னிப்பான், அந்தக் கோப்பையை அவனும் பார்த்தான்.

கோப்பை மஸூதாவுடையது. மஸூதா என் சாச்சியின் மகள். மாத்தளைப் பட்டணத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இறங்கும் ஒழுங்கையில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். அவளுடைய புருஷன் ஸக்கரியா கொக்கோ வியாபாரி. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பச்சைக் கொட்டையாக வாங்கி, வீட்டுப் பின்வளவில் புளிக்கவைத்து, கழுவிக் காயப்போட்டுக் கொழும்புக்கு அனுப்புவார்.

கொக்கோ புளிப்பதென்றால் என்னவென்று அதற்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளைச் சதை ஒட்டிய கொட்டைகளைக் குவித்து வாழையிலையால் மூடிவிடுவார்கள். முதல் நாள் பழ வாசனை வரும். விருந்தாளிகள் மூக்கை நீட்டி மெச்சுவார்கள். அடுத்த நாள் கள்ளுத் தவறணை. அதற்கடுத்தது வினாகிரிப் பீப்பா. குவியலின் வயிறு கொதிக்கும், கை வைத்தால் சுடும். அந்த நேரம் பார்த்து அடியை மேலாகவும் மேலை அடியாகவும் கிளறிவிட வேண்டும். விட்டால் அழுகல்தான். ஒருமுறை அந்த நாற்றத்தில் மதில்மேல் இருந்த காகம் மயங்கி எங்கள் பக்கம் விழுந்தது. போன வருடம் இதே கதையைச் சொன்னபோது இரண்டு காகம் என்றேன். அதுவும் பொய்யில்லை, மற்றது அந்தப் பக்கம் விழுந்தது.

மஸூதா நாவுலவில் வயலும் கத்தரித் தோட்டமுமாக வளர்ந்தவள். கலியாணமாகி வந்த முதல் கிழமையே வாந்தி எடுத்தாள். பிள்ளை உண்டாகிவிட்டதென்று வீடெல்லாம் சீனி பகிர்ந்தார்கள். முதல் கிழமையில் அது எப்படி என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிறகுதான் விளங்கியது, அது பின்வளவின் வேலை. வாந்தி நின்றது; வாய் திறந்தது. குவியல் வினாகிரி நாற்றத்துக்கு வந்ததும் அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் போடுவாள்.

“சீ!”

அந்தச் சத்தம் பள்ளிவாசல் ஹவுழுத் தண்ணீரில் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்துகொண்டிருப்பவர்களுக்கும் கேட்கும். ஸக்கரியா கதிரையை விட்டு எழும்பமாட்டார். “மஸூதா சொல்லிட்டா. முத்துவீரா, கிளறு!” என்பார். இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் முத்துவீரன், கொட்டையை அள்ளிப் புரட்டும் மரச் சவளோடு இறங்குவான். குவித்து மூடிய பிறகு ஸக்கரியா குவியலைத் தொட்டும் பார்ப்பதில்லை, முகர்ந்தும் பார்ப்பதில்லை. பெண்சாதியின் ‘சீ’தான் அவருடைய அளவுகோல்.

“நான் என்ன உங்கட கொக்கோவுக்குக் காவல் நாயா?” என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

“நாய்க்கு இந்த மூக்கு வராதே!”

“சீ, வெக்கம் கெட்ட மனுசன்!”

“இன்னொருக்காச் சொல்லிட்டா. முத்துவீரா, நல்லாக் கிளறு!”

முத்துவீரன் அவள் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. சத்தத்தைத்தான் தெரியும். ஆனாலும் அவளுக்கு நல்ல நாளா கெட்ட நாளா என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான்.

அறுபத்தைந்தாம் வருடத்துத் தேர்தல் போஸ்டர்கள் மதிலில் கிழிவதற்கு முன்பே ஸக்கரியா மவுத்தானார். காலையில் ஒரு வண்டிக் கொட்டையைக் குவித்து மூடிவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்தவர். கோப்பை கையிலேயே இருந்தது. மையத்து அடக்கத்துக்குப் போன பிறகு மஸூதாவை இத்தாவில் உட்காரவைத்தார்கள். புருஷன் மவுத்தான பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், நகை அத்தர் கூடாது. மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையின் பெண்களுக்கு அது போதாது. ஜன்னலுக்கு இரட்டைத் திரை போட்டார்கள். கண்ணாடியைத் துணியால் மூடினார்கள். ஆண் வாசம் அண்டக் கூடாதென்று பின்வளவுப் படலையையும் பூட்டினார்கள்.

பின்வளவில்தான் கொக்கோ இருந்தது. அதன் நேர் எதிரே மஸூதாவின் அறை ஜன்னல்.

முத்துவீரன் முன்வாசலில் வந்து நின்றான். சாவி ஸுபைதாவின் இடுப்பில் இருந்தது. ஸுபைதா, ஸக்கரியாவின் தங்கச்சி. புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து நானா வீட்டில்தான் சோறு.

“அம்மா, ஒரு தடவ கெளறிவிட்டுட்டுப் போயிர்றேங்க. மொதலாளி கையால குவிச்சது. கெட்டுரும்ங்க.”

“இத்தா வீட்டுல ஆம்புள கால் வைக்கிறதா? போ, போ. கொக்கோ அழுகினா அழுகட்டும்.”

“அப்ப நீங்கதான் ஒருக்கா கெளறி விடுங்கம்மா.”

அவன் கேட்டது ஸுபைதாவுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. வியாபாரி வீட்டுப் பெண் கொக்கோவில் கை வைப்பதா! மஸூதாவின் மகள் றஸ்மியா, பதினேழு வயது, “நான் கிளறட்டா மாமி?” என்று கேட்டதற்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது. நான் கிளறுகிறேன் என்றேன். “நீங்க படிச்சவங்க, மச்சி. படிச்சவங்களுக்கு எதுவும் பொருந்தும்” என்றாள். எங்கள் பக்கத்தில் அது பாராட்டு இல்லை.

குவியல் கிடந்தது. வினாகிரி அழுகலாயிற்று, அழுகல் புழுவாயிற்று. ஒழுங்கையில் போகிறவர்கள் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். என் வீட்டில் ஊதுவத்தி வாங்கியே சம்பளம் தீர்ந்தது. நான் தினமும் மஸூதாவின் அறைக்குள் போய் இருப்பேன். சுவரோடு சாய்ந்து பாயில் குந்தியிருப்பாள். திரையைத் தாண்டி அந்த நாற்றம் வந்து நாக்கில் உட்காரும். அவள் மூக்கைச் சுளிக்கமாட்டாள். ஒருமுறைகூட இல்லை. புருஷன் போன துக்கம் யாருக்குத்தான் இல்லை! அழுவாள், கொஞ்ச நாளில் தேறுவாள் என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் அழவும் இல்லை. இந்த மூக்கு சும்மா இருக்கிற மூக்கா? அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

இத்தா முடிகிற நாள் வந்தது. வெந்நீர் போட்டார்கள். புதுச் சேலை வந்தது. பள்ளிவாசல் பலீல் லெப்பை ஓதி முடித்துவிட்டு, “சரி, இனிக் குளிச்சிட்டு வெளிய வரலாம்” என்று திரைக்கு அப்பாலிருந்து சொன்னார். கூடத்தில் நெய்ச்சோறு மணத்தது. மஸூதா எழும்பவில்லை.

“இன்னும் கொஞ்சம் இருக்கிறேன்” என்றாள்.

வெந்நீர் ஆறியது. நெய்ச்சோற்றை எல்லோரும் தின்றுவிட்டுப் போனார்கள். அடுத்த நாளும் “இன்னும் கொஞ்சம்.” அதற்கடுத்த நாளும் அதேதான். எண்ணெய் படாத தலை கயிறு கயிறாய்ச் சடைபிடித்தது. அதில் குடியேறிய பேன்களைப் பற்றிச் சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். நல்ல கொழுத்த பேன்கள். பெயர் வைத்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்திருக்கும்.

லெப்பை இரண்டு முறை சொல்லியனுப்பினார். “இத்தா முடிஞ்சா முடிஞ்சதுதான். அதுக்கு மேல இருக்கிறதுல ஒரு நன்மையும் இல்ல. அந்தப் புள்ளைக்கு என்னமோ சுகமில்ல, டொக்டருக்குக் காட்டுங்க.”

ஸுபைதா கேட்கவில்லை. அவளுக்கு வேறொன்று தோன்றிவிட்டது.

“மதினி துனியாவ விட்டுட்டாங்க” என்று, உலகையே துறந்தவளாக்கி, பக்கத்து வீட்டில் சொன்னாள். அவ்வளவுதான், ஒழுங்கை பற்றிக்கொண்டது. மஸூதா சாப்பிடுவதில்லையா, நோன்பு. தூங்குவதில்லையா, இரவெல்லாம் வணக்கம். பேசுவதில்லையா, நெஞ்சுக்குள்ளே இறைநாமம், திக்ர். வெயில் படாமல் முகம் வெளுத்து மஞ்சளாகப் போயிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு கிழவி, “நூர், அல்லாட வெளிச்சம் இறங்கியிருக்கு” என்று தேம்பி அழுதாள். அல்லாஹ்வுக்கு நெருங்கியவள், வலிய்யம்மா என்று பெயரும் வைத்தாகிவிட்டது. போத்தல்கள் வரத் தொடங்கின. சோடாப் போத்தல், மருந்துப் போத்தல். ஒருத்தி மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கழுவாமலே கொண்டுவந்தாள். தண்ணீரை நிரப்பி மஸூதாவின் வாய்க்கு நேரே பிடிப்பார்கள். அவள் பெருமூச்சு விடுவாள். ஓதி ஊதிவிட்டாள் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். புழுத்த கொக்கோ நாற்றத்தைக்கூட விடவில்லை. “வேற வீட்டுல இப்படி ஒரு வாசம் உண்டா?” என்று ஒருத்தி கேட்டாள். இல்லைதான். எந்த மனிதர் வீட்டிலும் இல்லை.

எனக்குப் பேன்மேல் அருவருப்பு இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது. சுகமில்லாத ஒருத்தியின் பெருமூச்சைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போன அந்த வாய்களைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் புரட்டுகிறது.

ஸுபைதாவின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். புருஷன் விட்டவள் என்று கலியாண வீட்டில் பின்வரிசையில் உட்கார்ந்தவள். இப்போது அறைவாசலில் நின்று யாரை உள்ளே விடுவது, யாரைக் காக்கவைப்பது என்று தீர்மானிப்பது அவள்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர்ப் பெண்கள் அவளுக்கு சலாம் சொன்னார்கள். அதற்காக ஒருத்தியை உயிரோடு புழுக்கவிடலாமா என்று கேட்டால், விடக்கூடாது.

ஒருநாள் போத்தல்காரிகள் போன பிறகு மஸூதாவிடம் கேட்டேன்.

“நீ தொழுறாயா?”

“தொழுறதா? பாயில குந்தியிருக்கிறேன். எழும்பத் தெரியல்ல, அவ்வளவுதான்.”

“அழுகை வருதா?”

“வருதில்ல.”

“அவர நினைக்கிறாயா?”

“நினைக்கத்தான் பாக்கிறேன். சுவருதான் வருது.” பிறகு, “அவளுகள் சொல்றதக் கேட்டா எனக்கே பயமா ஈக்குடி. நான் நல்லவளாகிட்டேனோ?”

பழைய மஸூதா அதைச் சொல்லியிருந்தால் மதில் குலுங்கச் சிரித்திருப்போம். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“பின்வளவு மணக்குதா உனக்கு?”

“என்ன மணம்?”

ஒழுங்கை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது. இவள் என்ன மணம் என்கிறாள். கிணற்றில் விழுந்தவளாவது கத்துவாள். இவள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தாள். கை வேறு எலும்பாகிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் வலிய்யம்மாவுக்குக் கபுறு கட்டி விளக்கும் ஏற்றிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டொக்டர் இருந்தார். கூட்டிவருகிறேன் என்று ஸுபைதாவிடம் சொன்னேன்.

“டொக்டரா? பைத்தியம்னு எழுதிக் குடுக்கவா? றஸ்மியாவுக்கு பலாபத்வலையில இருந்து பேசி வந்திருக்கு, தெரியுமா உங்களுக்கு? ஸக்கியா மாமி வீடு. மூணு லொறி ஈக்கு. எதுக்குக் கேட்டு வந்திருக்காங்க? வலிய்யம்மாட மகள்னுதான். இப்ப மதினி வெளிய வந்து, ஒண்ணுமில்ல, சும்மா சுகமில்லாமக் கிடந்தேன்னு சொன்னா, அந்தப் புள்ளைட வாழ்க்க?”

“தாய் செத்தா அந்தப் பிள்ளைக்கு யாரு?”

“வலிய்யம்மாக்கள் அப்படிச் சாகமாட்டாங்க, மச்சி.”

வாசல்படியில் இருந்த றஸ்மியா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் பின்னால் மதில்வரை வந்தாள். “பெரியம்மா, எனக்கு லொறி வேணாம். உம்மா என்ன ஒருக்கா ஏசினாப் போதும்” என்றாள். ஆறு மாதமாகத் தாய் அவளை ஏசவில்லை. கேட்க என்னமோ நல்ல செய்திபோல் இருக்கும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பலாபத்வல ஸக்கியா பெண் பார்க்க வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிறகு. பெண்ணைப் பார்க்க வந்தவள் பெண்ணைப் பார்க்கவில்லை. “வலிய்யம்மா எங்க?” என்றுகொண்டே உள்ளே நடந்தாள். நல்ல பெருத்த உடம்பு, கையில் முழங்கைவரை காப்பு. பின்னால் இரண்டு மருமக்கள். அறைக்குள் நுழைந்ததும் நாற்றம் அவளை நெஞ்சில் பிடித்துத் தள்ளியது, ஒரு அடி பின்னால் போனவள் சமாளித்துக்கொண்டு, “மாஷா அல்லாஹ்!” என்றாள். நான் சுவரோரமாக நின்றேன். சிரிப்பும் வந்தது, வாந்தியும் வந்தது, இரண்டையும் விழுங்கினேன்.

ஸுபைதா கஞ்சியைக் கொண்டுவந்து மஸூதாவின் வாயில் வைத்தாள். மஸூதா ஒரு மிடறு வாங்கினாள். விழுங்க முடியவில்லை. குனிந்து கோப்பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். அவள் குனிந்தபோது தலை தொங்கியது. தொங்கிய தலையிலிருந்து ஒரு பேன் விழுந்தது. விழுந்தது சும்மா இருக்கவில்லை. மல்லாந்து கிடந்து கஞ்சியில் காலை உதைத்து நீந்தியது. எனக்குத் தெரிந்தது. ஸுபைதாவுக்கும் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. கோப்பையை நீட்டும்போது பெருவிரலால் அதை விளிம்போடு ஒதுக்கினாள்.

“மதினிட வாய் பட்டது. பரக்கத்துக் கஞ்சி. குடிங்க மாமி.”

“மாமி, அதுல…” என்று நான் வாயெடுத்தேன். ஸக்கியா என்னைப் பார்க்கவே இல்லை. கோப்பைக்குள் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்தது. மருமக்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குடிக்காமல் விட்டால் ஈமான் குறைந்தவள், நம்பிக்கையில்லாதவள் என்று ஊருக்குள் போய்ச் சொல்வார்களே! “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி ஒரு வாய் குடித்தாள். மருமக்கள் தங்கள் முறைக்காக முன்னால் நகர்ந்து நின்றார்கள். ஆனால் ஸக்கியா கோப்பையை அவர்களிடம் கொடுக்கவில்லை. வாசலில் நின்ற றஸ்மியாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“வா மகள். முதல்ல நீ குடி. உம்மாட எச்சில்தானே, உனக்கில்லாத பரக்கத்தா? எங்கட வீட்டுக்கு வாறவ இத நிண்டு குடிக்கணும்.”

றஸ்மியா கோப்பையை வாங்கினாள். உள்ளே பார்த்தாள். பேன் இன்னும் நீந்திக்கொண்டிருந்தது. பிறகு தாயைப் பார்த்தாள். தாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்குக் கொண்டுபோனாள், கோப்பை பல்லில் பட்டு டக்கென்றது.

அந்தச் சத்தத்துக்கு மஸூதா திரும்பினாள்.

மகளின் வாயில் கோப்பை. கோப்பையில் தன் எச்சில். எச்சிலில் தன் பேன்.

“சீ!”

நாலு சுவரும் அதிர்ந்தன. பள்ளிவாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒழுங்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்களாம்.

“சீ! கீழ வைடி! வெக்கமில்ல உனக்கு? கண்ணு அவிஞ்சு போச்சா? பேனோட குடிக்கிறாய்! யாருடி என் புள்ளைக்கு எச்சில் குடுத்தது? ஆரு இந்தப் பொம்புளை?”

கோப்பை கீழே விழுந்து உடைந்தது. குடித்ததை அதுவரை ஈமானால் அமுக்கி வைத்திருந்த ஸக்கியாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. வாசலை அடைவதற்குள் வந்துவிட்டது. ஸுபைதாவின் புது வொயில் சேலையில் மேலிருந்து கீழாகப் பலாபத்வலையின் பகல் சாப்பாடு முழுவதும். மருமக்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அருவருப்பாலா சிரிப்பாலா என்று தெரியாது, தோள் மட்டும் குலுங்கியது.

மஸூதா சுவரைப் பிடித்து எழும்பி நின்றாள். மூக்கை விரித்தாள். திரைப்பக்கம் தலையைத் திருப்பினாள்.

“என்னடி இது நாத்தம்? என்ன செத்துக் கிடக்கு?”

றஸ்மியா அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு ஓடி இரட்டைத் திரையையும் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்து தடியோடு விழுந்தது. ஆறு மாதத்து வெயில் ஒரேயடியாக உள்ளே வந்தது. அந்த வெயிலில் நின்று, யாருமில்லாத பின்வளவைப் பார்த்துத் தன் வாப்பாவைப்போலவே கத்தினாள்:

“உம்மா சொல்லிட்டாங்க! முத்துவீரா, கிளறு!”

மஸூதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பள்ளிவாசலில் பின்னேர அசர் வாங்கு சொல்லியும் நிற்கவில்லை.

அவளைக் குளிப்பாட்டியது நானும் றஸ்மியாவும். தலையை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் போட்டோம். வெட்டிய மயிரை எரித்தபோது பேன் வெடித்த சத்தத்தை யாராவது வானவேடிக்கை என்று நினைத்திருந்தால் அவர்கள்மேல் குற்றமில்லை. முத்துவீரனுக்கு ஆள் அனுப்பினோம். கிளறுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. குழி வெட்டிப் புதைத்தான். மாப்பிள்ளை வீட்டார் முறித்துக்கொண்டார்கள். வலிய்யம்மாவுக்குள் ஷைத்தான் இறங்கிவிட்டதென்று ஸக்கியா பஸ் பிடிக்கும் இடமெல்லாம் சொன்னாளாம். நூரை இறக்கியதும் அதே வாய்கள், ஷைத்தானை இறக்கியதும் அதே வாய்கள். ஒரு மாதத்துக்கு ஒழுங்கையில் ஒரு நாயும் எங்களுக்கு சலாம் சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது.

லேடி டொக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், நிறையக் கேட்டார், குளிசை எழுதினார். “இது ஒரு சுகவீனம். போகும், திரும்பியும் வரும். வந்தா மறைச்சு வைக்க வேணாம், வெளிச்சத்துல இருங்க, ஆரிடமாவது சொல்லுங்க” என்றார். மஸூதா பதிலுக்கு, “டொக்டர், உங்கட ஆஸ்பத்திரி கக்கூசு சரியான நாத்தம்” என்றாள். டொக்டர் சிரித்துவிட்டு, குணம் தெரிகிறது என்று எழுதிக்கொண்டார்.

திரும்பியும் வந்தது. றஸ்மியாவை நாவுலவில் லாபிர் என்ற வாத்தியாருக்குக் கொடுத்தபோது வந்தது. பெண் பார்க்க வந்த அன்று மஸூதா மாப்பிள்ளையின் நகத்தைப் பார்த்து, “சீ, அழுக்கு” என்று சொல்லியிருந்தாள். அந்தப் பையன் கிணற்றடிக்குப் போய்த் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நீட்டினான். அதற்காகவே பெண்ணைக் கொடுத்தாள். மகள் புறப்பட்டுப் போன அடுத்த கிழமை மறுபடியும் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள். நான் மதிலுக்கு மேலால் எட்டி, “சீ வருதா?” என்று கேட்பேன். “வரல்ல” என்பாள். அப்படியென்றால் குளிசை எடுக்கவேண்டும், நான் போய்ப் பக்கத்தில் இருக்கவேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் உள்ள கணக்கு. சில வேளைகளில் ஊசின கருவாட்டைக் கொண்டுபோய் மூக்குக்கு நேரே பிடிப்பேன். ஒருமுறை அது பலித்தது. நாலுமுறை கருவாடுதான் வீண்.

கொக்கோ வியாபாரத்தை அவளே நடத்தினாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் ‘சீ’ சொல்ல, முத்துவீரன் கிளறுவான். மாவுக்கும் பாணுக்கும் விடியற்காலையில் வரிசையில் நின்ற அந்தப் பஞ்ச வருடங்களிலும் அது நிற்கவில்லை. ஸுபைதா மட்டும் கொஞ்சகாலம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பசி எடுத்ததும் கொக்கோ கழுவ வந்துவிட்டாள். முழங்கைவரை கை வைத்து. வியாபாரி வீட்டுப் பெண்!

எழுபத்தைந்தில் முத்துவீரனுக்கு இந்தியாவுக்குப் போகக் கடதாசி வந்தது. பாட்டன் தோட்டக் கூலிக்கு அங்கிருந்து வந்தவராம். இவன் பிறந்ததும் வளர்ந்ததும் இரத்தோட்டை; பார்க்காத ஊருக்குத் திரும்பிப் போகிறானாம். பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்பிப் போவது? இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து மூட்டை பிரிப்பதுபோல் ஆட்களைப் பிரித்துக்கொண்டன. நினைத்தால் அந்தக் கோப்பையைப் பார்த்த மாதிரிதான் குமட்டல் வருகிறது.

கப்பலேறத் தலைமன்னார் ரயிலுக்குப் போவதற்கு முதல்நாள் வந்தான். பின்வளவில் ஒரு குவியல் மூடிக் கிடந்தது. அடுப்படிக் கதவுக்கு எதிரே தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

“அம்மா, போயிட்டு வர்றேங்க. ஒரு தடவ சொல்லுங்கம்மா, கேட்டுட்டுப் போயிர்றேன்.”

கதவுக்குப் பின்னால் மஸூதா நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தாள். உதடு ஆடியது. சத்தம் வரவில்லை. அவள் கண்ணில் அந்தச் சுவர் இறங்குவதை நான் பார்த்தேன்.

முத்துவீரன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டான். “சரிங்கம்மா. நாறும்போது சொல்லிக்குங்க” என்று சொல்லிவிட்டு, சவளை மதிலோடு சாத்திவைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் நான் போனபோது அவளைப் பாயில் காணவில்லை. அறையிலும் இல்லை. பின்வளவுக்கு ஓடினேன். வாழையிலையை விலக்கிவிட்டு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, மஸூதா அந்தச் சவளோடு நின்றாள். ஆவி பறந்தது. என் மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அடியை மேலே போட்டாள். மேலை அடியில் போட்டாள். சவள் வழுக்கியது. சவளை விட்டுவிட்டுக் கையாலேயே கிளறினாள்.

“சீ வருதா?” என்று கேட்டேன்.

“வரல்ல.”

“அப்ப எதுக்குடி கிளறுறாய்? நாறுதா இல்லையான்னே தெரியாம.”

“உனக்கு நாறுதா?”

“ஐயோ, கண்ணு எரியுது.”

“அப்ப சரி” என்றாள். ஒரு கை அள்ளிப் புரட்டிவிட்டு, வாழையிலையை இழுத்து மூடினாள். மணிக்கட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கும் வா. நாளைக்கு இன்னும் நாறும்.”